கைக்கெட்டும் உயரம்

கடையில் வைத்து வாக்குவாதம் செய்வதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. அக்கா வைத்த சட்டம்.

அதனால்தான் போன வாரம் மரச்சாமான் கடையில், தம்பியின் மனைவி அந்தக் குட்டை அலமாரியைத் தடவிப் பார்த்து, "இதுதான் அண்ணி, இதுவே போதும்" என்று சொன்னபோது, அக்கா வாயைத் திறக்கவில்லை. இடுப்பு உயரம். கதவு கிடையாது. மூன்றே தட்டு. பார்த்தால் செருப்பு ஸ்டாண்டுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருந்தது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போன் போட்டாள்.

"அந்தக் குட்டை வேண்டாம். சுவரோரமா நின்னுதே, கண்ணாடிக் கதவு வச்ச தேக்கு, உயரமானது. அதை அனுப்புங்க."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசில் பாதியை சூப்பர்வைசராகக் கழித்த குரல் அது. அந்தக் குரலிடம் மறுபேச்சுப் பேசியவர்கள் குறைவு. கடைக்காரரும் "சரிங்கம்மா" என்றார்.

இதைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை. சொல்லாத விஷயங்கள் இன்னும் இரண்டு இருந்தன.

ஒன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் இந்த வீட்டை விட்டுப் போகிறாள். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி தங்கியிருக்கும் மகளிர் விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு, அரை டவுசரோடு நின்ற தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவனுக்குன்னு ஒரு கூரை வர்ற வரைக்கும் நான் இருப்பேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள் அவள். கூரை வந்துவிட்டது. சாவியைத் தம்பி அவள் கையில்தான் கொடுத்தான். இனிமேல் இருந்தால் அது விருந்தாளியாக இருப்பது. இருக்கச் சொல்லும்போதே கிளம்பிவிட வேண்டும், முகம் சுளிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான்.

இரண்டாவது, அவளுடைய வலது கை. வீடு மாற்றியபோது புத்தகப் பெட்டி ஒன்றைத் தம்பி வருவதற்குள் தானே தூக்கினாள். அன்றைக்குப் பிடித்தது தோள். டாக்டர், "இறுகிப்போச்சு, நாளாகும்" என்றார். நெஞ்சுக்கு மேல் கை போகவில்லை. வெளியே சொன்னால் போக விடமாட்டார்கள். சொல்லாமல் போய்ப் பின்னால் தெரிந்தாலோ, கை முடங்கிய அக்காவைத் தம்பி வெளியே அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு தம்பியின் மேல் படக் கூடாது.

அதனால் முந்தானைக்குள் கையை மடித்து வைத்துக்கொண்டாள். எப்போதுமே அப்படி விறைப்பாக நிற்கிறவள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்தாள்.

விடுதி அறையில் ஒரு கட்டிலும் ஒரு மேஜையும்தான். புத்தகங்களைக் கொண்டுபோக முடியாது. வாடகை வீடுகளில் இருந்த வரைக்கும் அந்தக் குடும்பம் சுவரில் ஆணி அடித்ததில்லை, பெட்டியிலிருந்து புத்தகத்தை வெளியே அடுக்கியதும் இல்லை. வேண்டியதை எடுத்துப் படிப்பது, திரும்பப் பெட்டிக்குள் வைப்பது. "அடுத்தவன் வீட்டில் நம்ம புத்தகம் எதுக்குக் கடை விரிக்கணும்?" என்பாள் அக்கா. இப்போது சொந்த வீடு. தான் இல்லாவிட்டாலும் தன் புத்தகங்கள் இங்கே தலை நிமிர்ந்து நிற்கட்டும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும். செருப்பு ஸ்டாண்டுக்கு அண்ணன் எல்லாம் அதற்குச் சரிப்படாது.

*

வண்டி காலையிலேயே வந்துவிட்டது.

தம்பிக்கு அன்று விடுமுறை. பஸ் ஓட்டுகிறவனுக்கு விடுமுறை என்றால், வீட்டுக்குள் கைலியோடு உலாத்திக்கொண்டு எல்லோருக்கும் வழிவிடாமல் நிற்பது. அவன் மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தையலுக்குத் தெருவிலேயே மவுசு உண்டு. அக்கா நல்ல மனநிலையில் இருந்தால் "டெய்லரம்மா" என்று கூப்பிடுவாள். அன்று காலையிலிருந்து அப்படிக் கூப்பிடவில்லை.

இரண்டு சுமையாட்கள் மாடியேறி வந்தார்கள். ஒருவருக்கு மீசை பெரிது. இன்னொருவர் தொப்பி போட்டிருந்தார். அவர்கள் தூக்கி வந்ததைப் பார்த்ததும் டெய்லரம்மா மெஷினை நிறுத்தினாள்.

"அண்ணே, வீடு மாறி வந்துட்டீங்க. நாங்க எடுத்தது குட்டை."

"இல்லம்மா, இந்த வீடுதான். பெரியவங்க போன் பண்ணி மாத்திட்டாங்கன்னு முதலாளி சொன்னாரு" என்றார் மீசைக்காரர்.

தம்பி அக்காவைப் பார்த்தான். டெய்லரம்மாவும் பார்த்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள் அக்கா. கழுத்து ஒரு நூல்கூடத் தாழவில்லை.

டெய்லரம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் இரண்டு வெளி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணி சொன்னா சரிதான். கொண்டாங்கண்ணே, இந்தச் சுவரோரம்" என்றாள்.

அக்காவுக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. வேறொருத்தியாக இருந்தால் வாசற்படியிலேயே ஒரு நாடகம் நடந்திருக்கும். 'என் வளர்ப்பு இல்லை. ஆனாலும் நம்ம குடும்பத்துப் பெண்தான்' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததை வெளியே காட்டவில்லை.

"ஒடி... ஒடி... லெஃப்ட்ல ஒடி! போதும், நேரா வா, நேரா வா... ஹோல்டான்!" தம்பி இரண்டு கைகளையும் வீசி டெப்போவில் நிற்பதுபோல நின்றான்.

"சார், இது பஸ் இல்ல. ஸ்டியரிங்கே கெடையாது" என்றார் தொப்பிக்காரர்.

"அதான் பிரேக்கும் இல்லாம சுவத்துல போய் இடிக்கிறீங்க."

அலமாரி இரண்டு துண்டாக வந்திருந்தது. கீழ்ப் பாகம் திறந்த தட்டுகள். அதன்மேல் ஏற்றி வைக்க, கண்ணாடிக் கதவு போட்ட மேல் பாகம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்தியபோது, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே போய் நின்றது. தேக்கின் வரிகள் தேன் நிறத்தில் ஓடின. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது.

கூடம் மட்டும் பாதி இருட்டிவிட்டது. ஜன்னலில் பாதியை அலமாரி விழுங்கியிருந்தது. டெய்லரம்மா ஊசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நூல் கோத்துப் பார்த்தாள். கோக்க வரவில்லை. மெஷினைச் சமையலறைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். அங்கேயும் வெளிச்சம் போதவில்லை. விளக்கைப் போட்டாள்.

பட்டப்பகலில் எரிகிற அந்த விளக்கை அக்கா பார்க்காத மாதிரி இருந்தாள்.

*

ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவின் கீல்களைச் சரிபார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

"முதல் புத்தகத்தை அக்காதான் வைக்கணும்" என்றான் தம்பி. "நம்ம வீட்ல முதல்முதலா பெட்டியை விட்டு வெளிய வர்ற புத்தகம்!"

அக்கா பெட்டியிலிருந்து பெரிய அகராதியை எடுத்தாள். பழுப்புத் தாள் அட்டை போட்டு, முதுகில் அவளே கறுப்பு மையால் பெயர் எழுதிய புத்தகம். அதற்கு இடம் மேல் தட்டு. அதில் சந்தேகமே இல்லை. ஊர் பார்க்க வைக்கிற முதல் புத்தகத்தைக் காலடியிலா வைப்பார்கள்?

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள். இரண்டு கைகளாலும் புத்தகத்தை உயர்த்தினாள்.

நெஞ்சு வரை வந்தது. அதற்குமேல் வலது கை வரவில்லை. யாரோ தோளில் ஆப்பு அடித்து இறுக்கியதுபோல நின்றுவிட்டது. வலி கண்ணுக்குள் மின்னியது. புத்தகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். மீசைக்காரரும் தொப்பிக்காரரும் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டென்று டெய்லரம்மா நடுவில் வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன அண்ணி நீங்க, தூசி தட்டாம அப்படியே வைக்கிறீங்க! புது அலமாரி பாழாப் போகும்ல?"

அக்காவிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

தம்பிக்கு முகம் சிவந்தது. "ஏய்! அறிவிருக்கா உனக்கு? அக்கா கையிலேர்ந்து புடுங்குற? யாருகிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெரியாதா? முதல்ல மன்னிப்பு கேளு."

டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையால் புத்தகத்தைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை. "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றாள் மெதுவாக.

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் குறுக்கே வந்து, வெளி ஆட்களுக்கு முன்னால் விழவேண்டிய என் அவமானத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். திட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

பேசாமல் இருந்துவிடலாம். மானம் தப்பிவிடும். ஆனால் அது என்ன மானம்? நம் வீட்டுப் பெண் செய்யாத தப்புக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க, அதன் நிழலில் நான் நிமிர்ந்து நிற்பதா?

"அவளைத் திட்டாதே" என்றாள் அக்கா. எக்ஸ்சேஞ்ச் குரல்தான்; ஆனால் நடுவில் கொஞ்சம் கரகரத்தது. "அவமேல தப்பில்ல. எனக்குக் கை தூக்க வரலைடா. ரொம்ப நாளா வரல."

தம்பி அப்படியே வந்து அவள் வலது கையை, முட்டையைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான்.

"என்னக்கா இது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்து நிப்பே."

"கிண்டல் வேறயா?"

அக்கா தம்பியை விட்டுவிட்டு அவன் மனைவியைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரவிக்கைக்கு அளவு எடுத்தப்பவே அண்ணி. கைக்கு அடியில டேப்பை விட்டேன், மூச்சைப் பிடிச்சுக்கிட்டீங்க. அப்பவே கைக்குழியைக் கொஞ்சம் தாராளமா வெட்டி, கொக்கியை முன்பக்கம் வச்சுத் தச்சேன்."

அக்கா தன் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். தையல் தளர்ந்துபோச்சு, முன்ன மாதிரி இவளுக்குக் கை ஓடல போல என்று அன்றைக்கு மனசுக்குள் குறை சொன்னது ஞாபகம் வந்தது.

"துணி காயப் போடுற கொடி..." என்று இழுத்தாள்.

"நான்தான் இறக்கிக் கட்டினேன்."

போன வாரம்தான் அந்தக் கொடியைக் காட்டி, "குள்ளர் வீடு மாதிரி இருக்கு" என்று கடிந்துகொண்டிருந்தாள். அதற்கும் இந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். அப்படியானால் சமையலறையில் காப்பித்தூள் டப்பா மேல் தட்டிலிருந்து அடுப்பு மேடைக்கு வந்தது? குளியலறைக் கண்ணாடி கீழே இறங்கியது? ஒவ்வொன்றாக அக்காவுக்கு முன்னால் வந்து நின்றன. இந்த வீடே தனக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்திருக்கிறது. அவள்தான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்ப அந்தக் குட்டை அலமாரி?"

"உங்க கைக்கு எட்டணும்ல அண்ணி."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீங்க மறைக்கிறதை நான் எப்படி எடுத்துப் பேசுறது?"

குடும்ப கௌரவம் என்று அக்கா இத்தனை காலம் கட்டிக் காத்ததை, இவள் சத்தமில்லாமல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அலட்டிக்கொள்ளவே இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இடது கை போதும். ஆனால் மீசைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

*

"திருப்பி அனுப்பிடலாமா?" என்றான் தம்பி.

"மாத்தினதை மறுபடி மாத்துனா கடைக்காரர் சிரிப்பாரு" என்றாள் அக்கா.

"எதுக்குத் திருப்பணும்?" டெய்லரம்மா இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, துணியைப் பார்ப்பது போல அலமாரியைப் பார்த்தாள். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு துண்டுதானே? பக்கத்துல பக்கத்துல வச்சா?"

மீசைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "வைக்கலாமே. மேல்பெட்டிக்கு அடியில கட்டை குடுத்துட்டா ஆச்சு. வண்டியில கெடக்கு."

இறக்கினார்கள். இரண்டையும் ஜன்னலுக்குக் கீழே, அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிறுத்தினார்கள். ஜன்னல் முழுதாகத் திறந்துகொண்டது. வெயில் அப்படியே தேக்கின்மேல் வந்து விழுந்தது. டெய்லரம்மா போய் விளக்கை அணைத்தாள். அக்கா இந்த முறை அதைப் பார்த்தாள்.

"டபுள் டெக்கரை ரெண்டு மினி பஸ் ஆக்கிட்டா என் பொண்டாட்டி" என்றான் தம்பி. சற்று முன் திட்டியதற்கு அவனுடைய மன்னிப்பு அவ்வளவுதான். அவளும் "டிக்கெட் எடுத்துட்டு உள்ள வாங்க" என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டாள்.

கீழ்ப் பாகத்தின் தலை மட்டும் பாலிஷ் இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது. மேல் பாகம் உட்கார வேண்டிய இடம் அல்லவா? டெய்லரம்மா பெட்டியைத் துழாவிக் கரும்பச்சைத் துணி ஒன்றை எடுத்து அளந்து, ஓரம் அடித்து, ஒரு நொடியில் விரிப்பு போட்டுவிட்டாள்.

ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தார்கள்.

அக்கா உயரவாரியாக அடுக்கச் சொன்னாள். டெய்லரம்மா நிறவாரியாக அடுக்கினால் பார்க்க அழகு என்றாள். "எல்லாமே பழுப்பு அட்டை. இதுல என்னடி நிறம்?" என்றாள் அக்கா. டெய்லரம்மா விடவில்லை. "முழுசா அடைக்காதீங்க அண்ணி, புத்தகம் மூச்சு விடட்டும். நாலு நிக்கட்டும், ரெண்டு படுக்கட்டும்."

"புத்தகம் எதுக்குப் படுக்கணும்? அதுக்கு என்ன ஜுரமா?"

"பெரிசுங்க படுத்தா கட்டு விடாது. மேல உங்க மூக்குக்கண்ணாடியும் வச்சுக்கலாம்."

அது நியாயமாகத்தான் இருந்தது. அகராதி படுத்துக்கொண்டது. கண்ணாடிக் கூடு அதன்மேல் ஏறிக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்குள், நெஞ்சுக்குக் கீழான தட்டில், அவள் திரும்பத் திரும்பப் படிக்கிறவை. அக்கா வலது கையாலேயே ஒரு புத்தகத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வலிக்கவில்லை.

தம்பி ஒரு பெட்டியிலிருந்து மெலிந்த புத்தகம் ஒன்றை உருவினான். சாலை விதிகள். லைசென்ஸ் பரீட்சைக்காக அக்கா வாங்கிக்கொடுத்தது. "இதையும் அட்டை போட்டு வச்சிருக்கியாக்கா?"

"உன் சோறு அதுலேர்ந்துதான் வருது. அதுக்கு மரியாதை வேண்டாமா?"

அவன் அதை அகராதிக்குப் பக்கத்திலேயே வைத்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

டெய்லரம்மா ஒரு சின்னப் பூந்தொட்டியைக் கொண்டுவந்து பச்சை விரிப்பின்மேல் வைக்கலாமா என்று பார்வையால் கேட்டாள். காலையில் கேட்டிருந்தால் அக்கா, புத்தக அலமாரி என்ன தோட்டமா என்று கேட்டிருப்பாள்.

"இடது பக்கம் வை, டெய்லரம்மா. வெயில் படும்."

அவளுக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான். டெய்லரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. முகம் முழுக்கச் சிரித்தாள்.

கடைசியில் ஒரு தட்டு மட்டும் முழுதாகக் காலியாக நின்றது. பெட்டிகளில் இன்னும் புத்தகங்கள் இருந்தன.

"இது ஏன் காலி? மிச்சத்தை இங்க வையேன்" என்றாள் அக்கா.

"அதைக் கீழ சரிக்கட்டிக்கலாம் அண்ணி. இது இனிமே நீங்க வாங்கப்போற புத்தகத்துக்கு."

அக்கா அந்தக் காலித் தட்டையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போட்டது. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். போகிறேன் என்று சொல்வதா, போக இருந்தேன் என்று சொல்வதா, அதுதான் தெரியவில்லை.

"இங்க பாருங்க ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு..."

அவள் போன் அடித்தது. மடி நிறையப் புத்தகங்கள். எழுந்திருக்க முடியவில்லை.

"இருங்க அண்ணி, நான் எடுக்கிறேன்." டெய்லரம்மா போனை எடுத்து, அக்கா கையைத் தூக்க வேண்டாமே என்று ஸ்பீக்கரைப் போட்டு, அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வணக்கம்மா, மகளிர் விடுதியிலேர்ந்து வார்டன் பேசுறேன். கீழ் அறையே உங்களுக்கு ஒதுக்கிட்டோம். வெள்ளையடிச்சு ரெடியா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையிலயே வந்திடுறீங்கல்ல? ஒண்ணே ஒண்ணு கேக்க மறந்துட்டேன். கூட எவ்வளவு சாமான் வரும்?"

கூடத்தில் வெயில் அப்படியே இருந்தது. தம்பியின் கையில் ஒரு புத்தகம் பாதி வழியில் நின்றுவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பேரை ஒருவரோடொருவர் பேச இணைத்துவிட்ட அக்காவுக்கு, அந்தக் கணத்தில் யாரிடம் எதைப் பேசுவது என்று தெரியவில்லை.

"அம்மா? கேக்குதா?"

டெய்லரம்மா போனை அணைக்கவில்லை. அக்காவின் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுவந்தாள்.

"பதில் சொல்லுங்க அண்ணி" என்றாள். "காத்துக்கிட்டிருக்காங்க."